முந்நூற்று நாற்பதாம் ஆணி

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
4-2-1991, திங்கட்கிழமை

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் கஜபதி அவர்களுக்கு, உங்கள் தங்கை சொர்ணத்தின் புருஷன் துலுக்கானம் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் சொர்ணமும் பொன்னியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். என் இடது முட்டி மட்டும் சௌக்கியமில்லை. அது உங்களுக்குச் சந்தோஷம் தரும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். டில்லியில் தாங்கள் உயிரோடு இருந்தால் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உயிரோடு இல்லையென்றால் அதையாவது ஒரு கார்டில் எழுதிப் போடவும். சோம்பேறித்தனம் கூடாது.

பதின்மூன்று வருஷமாகப் பேசாதவனுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பீர்கள். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வந்தீர்களே, அங்கேயிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஜனாதிபதி மாளிகையில் முந்நூற்று நாற்பது அறை என்றீர்கள், வெள்ளைக்காரன் வைசிராய்க்குக் கட்டியது என்றீர்கள், தூணுக்குத் தூண் கல்லிலேயே மணி செதுக்கியிருக்கிறது, அது அடிக்காது என்றீர்கள், கதவுகளின் பித்தளைப் பிடியைப் புளி போட்டுத் துலக்குவதுதான் உங்கள் உத்தியோகம், கடைசிக் கதவுக்குப் போவதற்குள் முதல் கதவு கறுத்துப் போயிருக்கும், அதோடு சில நாள் நீங்கள் போவதற்கு முன்னாலேயே யாரோ துலக்கிவிட்டுப் போயிருப்பார்கள், பிடியில் ஈரம் காய்ந்திருக்காது, தாழ்வாரத்தில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஆளே இருக்காது என்றீர்கள். கடையே வாயைப் பிளந்து கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "அடிக்காத மணி, இல்லாத ஆளு. டில்லியில சாராயம் அவ்ளோ சல்லிசா மச்சான்?" என்று கேட்டேன். பிளந்த வாயெல்லாம் சிரித்தது. நீங்கள் எழுந்து பையை எடுத்தீர்கள். "நாலு பேர் எதிர்ல கஜபதி சொன்னது நெஜம்னு உன் வாயால சொல்ற வரைக்கும் உன் ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டீர்கள். வீட்டில் சொர்ணம் இலை போட்டு சோறு பரிமாறி வைத்திருந்தாள். அந்த இலையில் நான்தான் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. நன்றாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் பொங்கலுக்குப் பொங்கல் அவள் பேருக்கு மட்டும் ஒரு கார்டு. அவளும் வருஷா வருஷம் உங்களுக்குக் கொட்டை எடுத்த புளி இரண்டு கிலோ பார்சல் அனுப்பினாள். டில்லிப் புளி துலக்க லாயக்கில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். இப்போது இரண்டு பொங்கலாகக் கார்டு இல்லை. அவள் எழுதியதற்கும் பதில் இல்லை. வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள். போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அடுப்பில் பால் பொங்கினாலும் வருவாள். பக்கத்து வீட்டுக்குக் கடிதம் கொடுத்துவிட்டு அவன் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். குடியரசு தினத்தை ஒட்டி எங்கள் ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸ் ஹாலில் ஒரு கண்காட்சி. ஜனாதிபதி மாளிகையின் சரித்திரத்தைப் பொதுமக்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டுமாம், ஆள் உயரத்துக்குப் போட்டோக்கள் வந்து இறங்கின. குவார்ட்டர்ஸ் சங்கச் செயலாளர் உலகநாதன், திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர், பயந்த சுபாவம். பேக்டரியில் மிச்சமான கூடாரத் துணியைக் குறுக்கும் நெடுக்கும் கட்டித் தொங்கவிட்டு அறை அறையாகத் தடுத்து, அதில் போட்டோக்களை மாட்டினார். கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தவர் நேராக என்னிடம் வந்தார். இருபத்தெட்டு வருஷம் பேக்டரி கேட்டில் டோக்கன் பலகையைப் பார்த்துக்கொண்டவன் நான்தானே. உள்ளே போகிறவன் ஆணியிலிருந்து தன் நம்பர் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வெளியே வரும்போது அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியென்றால் ஆள் உள்ளே. சங்கு ஊதிய பிறகும் ஒரு ஆணி காலியாக இருந்தால் கேட்டை மூடக் கூடாது, ஆளைத் தேடியே தீர வேண்டும். போட்டோ பார்க்க வருகிற ஜனங்களுக்கும் இதே ஏற்பாட்டைப் பண்ணினோம். வேறு ஏற்பாடு எங்களுக்குத் தெரியாது. கோணியில் கறுத்துக் கிடந்த பழைய பித்தளை டோக்கன்களை எடுத்து, மாளிகைக்கு முந்நூற்று நாற்பது அறை என்பதால் பொருத்தமாக இருக்கட்டும் என்று முந்நூற்று நாற்பது ஆணி அடித்தோம்.

போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்ததெல்லாம் இந்தியும் இங்கிலீஷும். வந்தவர்கள் இது என்ன அது என்ன என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. நான் பார்த்தேன், மச்சான். முதல் போட்டோவிலேயே தூண். தூணில் கல் மணி. தாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து விரலால் காற்றில் வரைந்து காட்டினீர்களே, அதே மாதிரி. எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? அந்த மணி அடிக்காது என்று ஆரம்பித்தேன். முந்நூற்று நாற்பது அறையும் சொன்னேன், வைசிராயைச் சொன்னேன், பித்தளைப் பிடியும் ஈரம் காயாத கதவும் சொன்னேன். எல்லாம் உங்கள் சொத்துதான். பேரை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். "நான் அங்க வேலையில கீறப்போ" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு எப்படித் திருப்பி எடுப்பது? இரண்டாம் நாள் பாரிவாக்கத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்தது, டில்லி அரமணைக்காரர் எங்கே என்று கேட்டுக்கொண்டு.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் போன பிறகு பலகையைப் பார்த்தால் கடைசி ஆணி காலி. முந்நூற்று நாற்பது. உலகநாதன் துணிக்குத் துணி விலக்கித் தேடினார். மேடைக்கு அடியில் டார்ச் அடித்தார். யாருமில்லை. "அண்ணாச்சி, உள்ள ஒருத்தன் இருக்கான்லா" என்றார். விதிப்படி கதவைப் பூட்ட முடியாது, அதனால் வாட்ச்மேனை உட்கார வைத்தார். மறுநாளும் ஆணி காலி. அதற்கு மறுநாளும் காலி. மூன்றாம் நாள் வாட்ச்மேன் பூந்தமல்லியில் மச்சினிக்குக் கல்யாணம் என்று போனவன் திரும்பவே இல்லை. கூட்டம் போய் சீலிங் பேனை நிறுத்தினால் துணியெல்லாம் தானாக மூச்சு விடுகிற மாதிரி உள்வாங்கி வெளிவாங்கும். அந்த நேரத்தில் ஹாலில் புளி வாசனை அடிக்க ஆரம்பித்தது. யாரோ அங்கே சமைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, அது குழம்புப் புளி இல்லை. பித்தளையில் தேய்த்த புளி.

நாலாம் நாள் சொர்ணம் வந்தாள். தாழ்வாரப் போட்டோ ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் கதவு கதவாக நீண்டு போகும், கோடியில் தலைப்பாகை கட்டிய வேலைக்காரன் ஒருத்தன் முதுகைக் காட்டி நிற்பான், கட்டை விரல் அளவுதான். அதன் எதிரில் நின்றவள் நகரவே இல்லை.

"அண்ணாத்தே நின்னுகினு கீறாரு" என்றாள்.

முதுகைப் பார்த்து யாரென்று எப்படிச் சொல்கிறாய், தலைப்பாகை கட்டினவன் எல்லாம் உன் அண்ணனா என்று கிண்டல் பண்ணினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த முதுவு எனக்குத் தெரியாதா? அந்தத் தோள் மேல ஒக்காந்துகினுதானே ஆறு வயசு வரைக்கும் கோயிலுக்குப் போனேன்."

மறுநாளும் வந்தாள். தூக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து போட்டோவுக்குக் கீழே வைத்தாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பரிமாறின அதே சாப்பாடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மச்சான். சாயங்காலம் பார்த்தால் தூக்கு காலி. அன்றைக்கு உலகநாதன் கண்ணை அகல விரித்துக்கொண்டு வந்து, மூன்றாவது கதவின் பிடி நேற்று கறுப்பாக இருந்தது, இன்றைக்குப் பளிச்சென்று இருக்கிறது என்றார். போட்டோவில் இருக்கிற பிடியைத்தான் சொல்கிறார். ஆறாம் நாள் நாலாவது கதவு. சொர்ணம் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், அண்ணன் கொஞ்சம் திரும்பியிருக்கிறார் என்று. நான் பார்க்க மாட்டேன் என்று இருந்தேன். பார்த்தேன். நேற்று வரை முதுகுதான். இப்போது காது தெரிந்தது.

"டோக்கன் எடுத்துகினு உள்ள வந்தவரு அவருதான்" என்றாள் சொர்ணம். "வெளிய போவ வழி தெர்ல. நீ சொன்னாதான் போவாரு."

நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். ஹால் கொள்ளாத கூட்டம். அரமணைக்காரரே கதை சொல்லுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஸ்டூல் மேல் ஏறினேன், முட்டி வலியோடு. "இத்தினி நாளா நான் சொன்னது ஒண்ணுகூட என்னுது இல்ல" என்றேன். "நான் அரக்கோணத்தத் தாண்டுனது கெடையாது. அத்தினியும் எம் மச்சான் கஜபதி சொன்னது. அந்தாளு சொன்னது அத்தினியும் நெஜம். நான்தான் பொய்யன்." நாலு பேர் என்ன, இருநூறு பேர் எதிரில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் அழுதது. சொர்ணம் தாழ்வாரப் போட்டோவையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் குனிந்து தூக்கை எடுத்துக்கொண்டாள்.

"பூட்டாரு" என்றாள்.

நான் திரும்பிப் போட்டோவைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அறுபத்தோரு வயசில் எனக்கு வேறு வேலையில்லையா?

ஆகையால் மச்சான் அவர்களே, உங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டது. வாசப்படி கழுவி வைத்திருக்கிறது. வண்டி ஏறவும். வயதில் சின்னவன் ஆசீர்வாதம் பண்ணக் கூடாது, அதனால் பொன்னியம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல பல்லும் கொடுக்கட்டும் என்று அவளிடம் மனுப் போட்டிருக்கிறேன். சொர்ணம் கும்பிடு சொல்லச் சொன்னதாக வைத்துக்கொள்ளவும், நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
பொய்யன் என்று தானே ஒப்புக்கொண்ட
து. துலுக்கானம்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதினது எல்லாத்தையும் அடிச்சுடு. பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. முந்நூத்து நாப்பதாம் டோக்கனை மொதநாளே எடுத்து இடுப்புல செருகிக்கினது நான்தான், உலகநாதன் பயப்படுறதப் பாக்க ஆசையா இருந்துச்சு. சொர்ணம் வெச்ச சோத்த துன்னதும் நான்தான். அந்தக் குழம்ப வுட முடியுமா? காலைல குவார்ட்டர்ஸ் வசந்தகுமாரி டீச்சரைக் கேட்டேன், தாழ்வாரப் போட்டோவுக்குக் கீழ இன்னா எழுதிகீதுன்னு. வைசிராய் காலத்துல எடுத்ததாம். அப்போ நீ டில்லிப் பக்கமே போவல. ஆக அது நீ இல்ல, முடிஞ்சிது கதைன்னு சிரிச்சிகினே டோக்கனை மாட்டி வெச்சிட்டு வரலாம்னு பலகைகிட்ட போனேன்.

ஆணி காலியா இல்ல. முந்நூத்து நாப்பது தொங்கிகினு கீது. மத்ததெல்லாம் கறுப்பு, அது மட்டும் தங்கம் மாதிரி மின்னுது. தொட்டேன், ஈரம். மோந்து பாத்தேன், புளி. தொலைஞ்ச டோக்கனுக்குப் பதிலா வேற அடிச்சா ஆணில மாட்டுற காதுல ஒரு வெட்டு போட்டுத்தான் குடுப்பாங்க, இருபத்தெட்டு வருஷம் அத்த பாத்தவன் நான். இதுல வெட்டு இல்ல, அசலேதான். உலகநாதன் ஆள் வெளிய வந்துட்டாருன்னு நிம்மதியா கதவப் பூட்டிகினு போய்ட்டாரு. என்னுது இடுப்புலயேதான் கீது. இப்போ எதிர்ல வெச்சிகினுதான் எழுதுறேன்.

ஊட்டுக்கு வந்து கவர்ல பேர் எழுதும்போது போஸ்ட்மேன் தெருவுல மணி அடிச்சிகினு போனான். சொர்ணம் உள்ள உக்காந்து அரிசில கல்லு பொறுக்கிகினு இருந்தா. எழுந்து வரல. தலயக்கூட தூக்கல.

ஒரே ஒரு வரி எழுது மச்சான். திட்டியாவது எழுது. அவ மறுபடியும் வாசலுக்கு வரணும்.