திறக்காத பூனைகள்

பூனை திறக்கவில்லை.

மாப்பிள்ளை மறுபடியும் அதை இரண்டு தட்டுத் தட்டினார். கம்ப்யூட்டர் சற்று யோசித்தது. பிறகு, இந்தக் கோப்பை எதைக் கொண்டு திறக்க வேண்டும் என்று அவரையே திருப்பிக் கேட்டது.

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே உன்கிட்ட வந்தேன்" என்றார்.

அவருக்கு லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் பிரிவில் உத்தியோகம். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது போன் செய்தால், "பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று சொல்ல வேண்டும். ஆள் கிளம்பியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. லிஃப்ட் எப்படி மேலே போகிறது, ஏன் பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கும் ஒரு மர்மம்தான். இருந்தாலும் அந்தக் கம்பெனியின் அட்டையைக் கழுத்தில் மாட்டி மாட்டி, தான் பாதி இன்ஜினியர் என்ற எண்ணம் எப்படியோ உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

மிச்சமிருக்கும் லீவை எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்று ஆபீசில் சொன்னதால் இன்று வீட்டில் இருந்தார். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் தன் புது போனை நீட்டிவிட்டார்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு மாமியாருக்கு உலகம் பளிச்சென்று ஆகியிருந்தது. எதிர்வீட்டு மதில்மேல் யாரோ பழைய துணியைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று பல காலமாக நினைத்துக்கொண்டிருந்தவர், அது தூங்கும் பூனை என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். அன்று போட்டோ எடுக்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. கார்மேல் பூனை, ஏசி பெட்டிமேல் பூனை, மூடிய கடை ஷட்டருக்கு அடியில் வால் மட்டும் வெளியே கிடக்கும் பூனை. அடுத்த தெரு நூலகத்தில் நடக்கவிருக்கும் கண்காட்சிக்கு அந்தப் படங்களைக் கேட்டிருந்தார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும் மாப்பிள்ளை. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, நல்லதாப் பார்த்துப் பொறுக்கணும். உங்களை விட்டா யாரு செய்வா?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவர் கிணறே வெட்டியிருப்பார்.

"அஞ்சு நிமிஷ வேலை அத்தை" என்றார்.

மாமியார் போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "இதோட மீசையைப் பாருங்க. ஒவ்வொண்ணா எண்ணலாம். நானே எண்ணினேன், கண்ணாடி இல்லாம."

அந்த ஐந்து நிமிஷம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஒயரைச் செருகிப் படங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்ததெல்லாம் சுலபமாகத்தான் நடந்தது. வந்த இடத்தில் எல்லாப் பூனைகளும் வெள்ளைக் காகிதமாக நின்றன. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் ஹெச், இ, ஐ, சி என்று நான்கு எழுத்துகள் வாலாகத் தொங்கின. சேர்த்துப் படித்தால் விக்கல் மாதிரி இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"உங்கம்மா போன் புதுசு. படத்தை ஏதோ புது விதமா மடிச்சு வைக்குது. நம்ம கம்ப்யூட்டர் பழசு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"நீங்க நடுவுல உட்கார்ந்து பேசி வைங்க."

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்து..."

"நீங்க ஏன் எழுந்திருக்கறீங்க? உட்காருங்க, நான் கொண்டு வரேன்."

தண்ணீர் வந்தது. பின்னாலேயே கேட்காமல் டீயும் வந்தது. கல்யாணமான புதிதில்கூட அவருக்கு இந்த உபசாரம் நடந்ததில்லை. ஒரு வீடே தன்னை நம்பி இருக்கிறது என்ற நினைப்பில் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வால்தானே பிரச்சினை. அந்த நான்கு எழுத்தை அழித்துவிட்டு, கம்ப்யூட்டருக்குப் பழக்கமான ஜேபிஜி என்ற மூன்று எழுத்தைப் போட்டார். வெள்ளைக் காகிதங்கள் சட்டென்று மலையும் சூரியனும் வரைந்த சின்னப் படங்களாக மாறின. இவ்வளவு எளிமையான விஷயம் ஏன் உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியப்பட்டபடி உள்ளே குரல் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் வந்து பாருங்க."

வந்தார்கள். தட்டினார். இது படமே இல்லை என்று கம்ப்யூட்டர் பெட்டி போட்டுச் சொன்னது. போர்டை மாற்றி எழுதினால் சலூன் பேங்க் ஆகிவிடாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பூனை எங்க மாப்பிள்ளை?"

"உள்ளதான் இருக்கு அத்தை."

"சாப்பிட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு மாமியார் துணி மடிக்கப் போனார்.

அடுத்த யோசனை அவருக்கே பெருமையாக இருந்தது. மாமியார் போனில் பூனைகள் நன்றாகத்தான் தெரிகின்றன. தன் போன் எடுக்கும் படங்களைக் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் திறக்கிறது. அப்படியானால் அந்தப் போனை மேஜைமேல் வைத்து இந்தப் போனால் படம் எடுத்துவிட்டால் ஆயிற்று. குனிந்து குனிந்து எடுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒயரை மாற்றி ஏற்றினார். திறந்தார். திறந்தது.

படத்தில் பூனையும் இருந்தது, அவரும் இருந்தார். போனின் கண்ணாடியில் விழுந்த அவர் பிம்பம் துல்லியமாகப் பதிந்திருந்தது. வழுக்கையின் நடு உச்சியில் பூனை காலை நீட்டிப் படுத்திருந்தது. அடுத்ததில் அவர் மூக்குத் துவாரத்திலிருந்து வால் தொங்கியது. மீசை எண்ணும் படத்தில், எந்த மீசை யாருடையது என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

மனைவி நன்றாக உற்றுப் பார்த்தாள். "இந்தப் பூனை கொஞ்சம் வயசானது மாதிரி இருக்கே."

"வெளிச்சம் சரியில்ல" என்று மூடினார்.

இனி ஆளைக் கேட்பது என்று முடிவெடுத்தார். ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஒருவர் உண்டு. எதைக் கேட்டாலும் முதலில் அணைத்துப் போடச் சொல்வதால் எல்லாரும் அவரை ரீஸ்டார்ட் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அணைச்சுப் போட்டீங்களா?" என்றார் ரீஸ்டார்ட்.

"போட்டாச்சு" என்று பொய் சொன்னார்.

"அப்ப அது புது மாதிரி ஃபைல். அதை ஜேபிஜியா மாத்தறதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம். நெட்ல தேடுங்க. தேடினா முதல்ல வர்றதை..."

"புரிஞ்சுது, புரிஞ்சுது. ரொம்ப தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார். அரைகுறையாகக் கேட்டாலே முழுதாகப் புரிந்துவிடும் வியாதி அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

முதலில் வந்ததை இறக்கினார். அது ஒவ்வொரு படியிலும் ஏதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றார். முடிந்தபோது கம்ப்யூட்டரில் ஒரு கடிகாரம், குதிரைப் பந்தய விளையாட்டு ஒன்று, உங்கள் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்று மூலையில் நின்று எச்சரிக்கும் ஒரு சிவப்புப் பெட்டி ஆகியவை குடிவந்திருந்தன. போனில் ரீஸ்டார்ட் அனுப்பிய செய்தியும் வந்திருந்தது. "மட்டும் தொட்டுடாதீங்க."

ஆனால் 'மாற்றி' என்று பெயர் போட்டு வந்த அந்த சாஃப்ட்வேர் படங்களை என்னவோ மாற்றிவிட்டது. அதற்கு வசதியாகப் பழைய வால்களையெல்லாம் அவர் திரும்ப ஒட்டிவைத்திருந்தார். பூனைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கார்மேல் படுத்த பூனை. ஏசி பெட்டிப் பூனை. எல்லாவற்றின் முகத்திலும் குறுக்காக, கொட்டை எழுத்தில், 'இலவசப் பதிப்பு' என்று அச்சாகியிருந்தது. மீசையை எண்ண முடியவில்லை. கண் எது என்பதே குத்துமதிப்புதான்.

சரி, மூலப் படங்களை வைத்து வேறு வழி பார்க்கலாம் என்று தேடினார். மூலப் படங்கள் இல்லை. மாற்றி முடித்ததும் பழையதை அழித்துவிடவா என்று அது கேட்டதும், தான் 'ஆம்' என்றதும் மங்கலாக ஞாபகம் வந்தது.

"பதறாதீங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சொல்லிப் பழகிய வாய். போனில்தான் எல்லாம் இருக்கிறதே. மறுபடி ஒயரைச் செருகினார். படங்களைக் கொண்டுவந்த பிறகு போனிலிருந்து நீக்கிவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. காலையிலிருந்து 'ஆம்' சொல்லிச் சொல்லி மரத்துப்போன விரல், மூளையைக் கலந்துகொள்ளவில்லை. படங்கள் போனை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து இறங்கின. அங்கே காத்துக்கொண்டிருந்த மாற்றி, புது விருந்தாளிகளைப் பார்த்த சந்தோஷத்தில், யாரும் கேட்காமலே எல்லாவற்றின் முகத்திலும் 'இலவசப் பதிப்பு' என்று குத்திவிட்டு மூலத்தை அழித்துவிட்டது.

போனைத் திறந்து பார்த்தார். ஒரு வால்கூட இல்லை.

அத்தனை வருஷம் கலங்கலாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷி, முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்ததைப் பிடித்துவைத்திருந்தாள். அதை ஒரு லீவு நாளில், டீ குடித்துக்கொண்டே, தடம் தெரியாமல் ஆக்கியாகிவிட்டது. லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களாவது தாங்களாக மாட்டிக்கொள்வதில்லை.

"முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"முடிஞ்சுது அத்தை" என்றார். அதில் பொய் இல்லை.

"ஒண்ணும் அவசரமில்ல. நிதானமாப் பாருங்க."

அந்தப் பொறுமைதான் அவரை அறுத்தது. திட்டியிருந்தால் தேவலை.

மாமியாரின் போனை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஓசைப்படாமல் ஜன்னலுக்குப் போனார். இருக்கிற பூனைகளைப் புதிதாக எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும். மதில் காலி. கார் காலி. ஏசி பெட்டிமேல் ஒரு பழைய செருப்பு மட்டும் வெயில் காய்ந்தது. அதை எடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

"ஏன் எழுந்துட்டீங்க?" மனைவி கதவருகில் நின்றாள். குரலில் லேசான கலவரம் இருந்தது. "போய் உட்காருங்க. இன்னொரு டீ போடறேன்."

இவள் வேறு இப்படிப் பாசம் காட்டினால் மனுஷன் என்ன செய்வான். உட்கார்ந்தார். கம்ப்யூட்டரில் நூலகத்தின் எண்ணைத் தேடி எடுத்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார்.

"மேடம், கண்காட்சிக்குப் பூனைப் படம் குடுக்கறாங்களே, அந்த அம்மா வீட்டிலேர்ந்து பேசறேன்."

"சொல்லுங்க தம்பி. நீங்க அவங்க பையனா?" என்றார் நூலக அம்மாள்.

வெளியூரில் இருக்கும் மச்சானின் முகம் மனதில் வந்து போனது. மனதுக்குள்ளேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"ஆமா மேடம். பையன்தான்."

"என்ன விஷயம்?"

"படம் குடுக்க ரெண்டு நாள் தள்ளிப்போகும்னு கேட்கத்தான். அம்மா மேல தப்பில்ல. எங்க வீட்டு மாப்பிள்ளை ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்ட குடுத்தோம். எல்லாத்தையும் அழிச்சுட்டாரு."

அவருக்கு என்னவோ நிறுத்த மனம் வரவில்லை. அடுத்தவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசும்போது நெஞ்சிலிருந்த கல் இறங்குகிற மாதிரி இருந்தது.

"நல்ல மனுஷன்தான் மேடம். ஆனா ஒண்ணுமே தெரியாது. தெரியாதுன்னு சொல்லவும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் பாதியிலேயே புரிஞ்சுதும்பாரு. எங்கம்மா பாவம், அந்த ஆளைப் போய் இவ்வளவு நம்பி..."

நூலக அம்மாள் சிரித்துவிட்டார்.

"நம்பியா? நல்லாச் சொன்னீங்க தம்பி, உங்கம்மா நேத்தே எல்லாப் படத்தையும் போன்லேர்ந்தே அனுப்பிட்டாங்க, பெரிசா பிரிண்ட் போட்டு மாட்டியும் ஆச்சு. நாளைக்கு மாப்பிள்ளைக்கு லீவு, சும்மா விட்டா நல்லா ஓடற வாஷிங் மெஷினைக் கழட்டிடுவாரு, அதனால சாயங்காலம் வரைக்கும் அந்தப் படத்தைக் குடுத்து உட்கார வைக்கப்போறோம்னு அவங்கதானே என்கிட்ட சொன்னாங்க."