வெள்ளி பூசிய விறகடுப்பு

இனி இந்த வீட்டில் கேஸ் குக்கர் என்ற பேச்சே எழக்கூடாது என்று வாப்பா முடிவெடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வழக்கமான பகலுறக்கமும் இல்லை.

சவூதிக்குப் போன மசூர் காக்கா வீட்டில் கேஸ் அடுப்பு வந்திறங்கியதிலிருந்து உம்மாவுக்கு அதே கதை. எங்களுடையதோ இரும்பு விறகடுப்பு. பூச்சு உதிர்ந்து, கடற்காற்றில் துருக் கறள் ஏறி, கப்பலேறித் தப்பிவந்த கிழவன்போல நின்றது.

வாப்பா லொறி சைலன்சருக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்ட் கொண்டுவந்தார். கறளைச் சுரண்டினார். பூசத் தொடங்கினார். அதோடு ஆள் பூமியில் இல்லை. தூரிகை அடுப்பில் ஊர்ந்தது. கண் முருங்கைக்கு மேலே மிதந்தது.

"நஸீறா, நிலா குசினிக்குள்ள இறங்கின மாதிரி இல்லையா?"

"ஓம் மகள், அப்படித்தான் மகள்," என்றேன் நான், அவர் என்னிடம் பேசும் குரலையே பிடித்து. தானே தனக்குப் பதில் சொன்னதாக நினைத்துத் தலையாட்டினார்.

உம்மா எட்டிப் பார்த்தா. வேலிப்பக்கம் போய்ப் பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா மாமியைக் கூட்டி வந்தா.

"இஞ்ச பாருகா, அடுப்பைப் புதுப்பொண்ணாக்கி வெச்சிருக்கார்."

"கடையில வாங்கினதா மச்சி?" மாமி மூக்கால் கேட்டா.

"கடையா? இது என்ட கை," என்றார் வாப்பா, எங்கிருந்தோ.

"பொம்புளப் புள்ளைக்கே குடுக்கலாம் போல," உம்மா மெல்ல விட்டா.

"குடுக்கலாமா? குடுத்தாச்சு எண்டு வை. என்ட மகளுக்குத்தான் இது."

"கேட்டாய்தானே, கைருன்னிஸா?"

"ஓம் மச்சி, ரெண்டு காதாலயும்."

காலையில் குசினியில் அடுப்பில்லை. என் கலியாணத்துக்கென்று உம்மா சேர்க்கும் சட்டிபானைகளுக்கு நடுவில், துப்பட்டி போர்த்து உட்கார்ந்திருந்தது.

"றுகையா, தேத்தண்ணி?" வாப்பா உம்மாவைக் கேட்டார்.

"எதில வைக்க?"

"அடுப்பை எடு புள்ள."

"புள்ளைக்கெண்டு மனசால நிய்யத்து வெச்ச சாமான். அதுக்கு நெருப்புக் காட்டலாமா? சாட்சியும் இரிக்கி."

"நான் ஏதோ நினைவில சொன்னன்."

"நல்லது. மகள்ட சீதனத்தை எரிச்சுத் தேத்தண்ணி குடிச்ச வாப்பா எண்டு ஊர் கதைக்கட்டும். நாளைக்கு மாப்பிள வீட்டாருக்கும் சொல்ல ஒரு கதை வேணும்தானே."

வாப்பா பாவமாக என்னைப் பார்த்தார்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கப்படாது," என்றேன், மாமியின் மூக்குக் குரலில்.

அவர் சைக்கிளை எடுத்துக் கல்முனைக் கடைத்தெருப் பக்கம் திருப்பினார். உம்மா வேலிக்கு மேலால் சொன்னா:

"வாங்குறதுதான் வாங்குறீங்க, ரெண்டு வாய் உள்ள கேஸ் குக்கரா எடுத்து வாங்க."