ஆறாவது பாட்டின் டெமோ

உயிரே போனாலும் சரி, அந்த டெமோ மட்டும் மனைவியின் காதில் விழக் கூடாது என்று வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே டிரம்மர் முடிவெடுத்தார். வீர சபதம்தான்.

பகலில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துபவர். மாலையில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் அடிப்பவர். மேடையில் அவர் அடிக்கிற அடியைப் பார்த்தவர்கள், வீட்டிலும் இவர் கைதான் ஓங்கியிருக்கும் என்று நினைப்பார்கள். வீட்டில் அவர் ஸ்பூனைக்கூடச் சத்தம் வராமல்தான் வைப்பார்.

முன்னறையில் டிரம்ஸை வைத்துக்கொள்ள மனைவி ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்திருந்தாள். அவர் மட்டும் தனியாக அடித்துக்கொள்ளலாம். குழுவில் வேறு யாராவது உள்ளே கால் வைத்தால் டிரம்ஸ் வெளியே போகும், அவளுடைய மேஜை உள்ளே வரும். டிரம்ஸ் வைக்க வேறு இடம் கிடையாது. இடம் இல்லாத டிரம்மரைக் குழு வைத்துக்கொள்ளாது. ஆக, அந்த அறை போனால் அவர் வெறும் கண்ணாடிக் கடைக்காரர்.

அந்த அறையில்தான், மனைவி இரண்டு நாள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, குழு மொத்தமும் வந்து குந்திக்கொண்டு புது ஆல்பத்துக்கான டெமோவை, அதாவது மாதிரிப் பதிவை, எடுத்தது.

பிறகு அதே பாட்டுகளை ஸ்டூடியோவில் முறைப்படி பதிவு செய்தார்கள். ஆல்பத்தில் கிட்டார்மேல் கிட்டார், அதன்மேல் வயலின், அதன்மேல் கோரஸ். கோட்டு மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி இருந்தது. டெமோ என்பது அதே மாப்பிள்ளை காலையில் பனியனோடு கொட்டாவி விடுவது. ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், ஒரு குரல். மீதியெல்லாம் வீடுதான். ஃபிரிட்ஜ் உறுமுகிறது. சுவர்க் கடிகாரம் நாலு அடிக்கிறது. ஆறாவது பாட்டின் நடுவே எல்லோரும் வாசிப்பதை நிறுத்துகிற ஓர் இடம் வரும். ஆல்பத்தில் அங்கே வயலின்கள் அழுகின்றன. டெமோவில் அங்கே டிரம்மரின் குரல் கணீரென்று கேட்கிறது: "வாசல்ல யாருடா? ராட்சசி வந்துட்டாளா?"

இது மைக்கில் ஏறியது அன்று யாருக்கும் தெரியாது. இப்போது குழுவின் பாடகர் ஆல்பத்தையும் டெமோவையும் இரண்டு சிடிகளாக ஒரே பெட்டியில் போட்டு வெளியிட்டுவிட்டார். நண்பர்கள் வட்டாரத்தில் அவருக்குத் தொண்டை என்று பெயர். ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, டெமோவில்தான் உயிர் இருக்கிறது என்கிறார்களாம். அதிலும் அந்த ராட்சசி இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறார்களாம். இதைச் சொல்லும்போது தொண்டைக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதோடு விட்டாரா? வியாழக்கிழமை மாலை வீடு தேடி வந்து, வாசலில் நின்றபடியே பெட்டியை மனைவி கையில் கொடுத்தார்.

"அண்ணி, பிழை கண்டுபிடிக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டுட்டு, எதுல என்ன வித்தியாசம்னு சொல்லுங்க."

உண்மைதான். அவள் பாடப்புத்தகம் அடிக்கிற அச்சகத்தில் பிழை திருத்துபவள். இடது பக்கம் கைப்பிரதி, வலது பக்கம் அச்சுப்படி, விரலிடுக்கில் சிவப்புப் பென்சில். கைப்பிரதியில் இருந்து அச்சில் விழாமல் போன ஒரு கமாகூட அவளிடம் தப்பியதில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பையில் கை வைக்கும் தைரியம் டிரம்மருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே இல்லை. ஆனால் வழி ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டது. ஹெட்போன் இல்லாமல் அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்க முடியாது. வெள்ளிக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில், பிளேடால் ஹெட்போன் ஒயரை பிளக்குக்குப் பக்கத்தில் அறுத்து, ரப்பர் உறைக்குள் செருகிவிட்டார். லென்ஸ் வெட்டிப் பழகிய கை. பார்த்தால் தெரியாது.

அன்று மாலை அவர் கடையிலிருந்து வந்ததும், அவள் கம்ப்யூட்டர் முன் இருந்த நாற்காலியை அவர் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஹெட்போனை மாட்டினாள். மடியில் ஒரு காகித அட்டை. இது வேலை செய்யவில்லையே என்று அவள் சொல்லப்போவதற்காக டிரம்மர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தலை மெல்ல ஆடத் தொடங்கியது.

டிரம்மர் ஓரக்கண்ணால் ஒயரைப் பார்த்தார். ஒயர் சரியாக அறுபடவில்லையா? கேட்டுப் பார்க்கலாம் என்றால், அறுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். பாட்டுக்கு நாலு நிமிஷம் என்று கணக்குப் போட்டார். இருபதாவது நிமிஷத்துக்குமேல் ஆறாவது பாட்டு. சரியாக அந்த நேரத்தில் அவள் புருவத்தைத் தூக்கி, அட்டையில் பென்சிலால் ஏதோ கோடு இழுத்தாள்.

சனிக்கிழமையும் அப்படியே. அன்று அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கடையில் அன்று அவர் ஒரு வாடிக்கையாளருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டி அனுப்பியிருந்தார்; அந்த மனிதர் சுவரில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ராத்திரி சாப்பிடும்போது, இன்னுமா முடியவில்லை என்று ஈனஸ்வரத்தில் கேட்டதற்கு, எந்தப் படியையும் மூன்று தடவை பார்ப்பதுதான் தன் வழக்கம் என்றாள்.

ஞாயிறு மாலை ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஏங்க, இப்படி வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"ஆல்பம் வேற, டெமோ வேறயாமே?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. டெமோங்கிறது சும்மா கிறுக்கிப் பாக்கிறது. ஆல்பம்தான் நிஜம்."

"கிறுக்கல்லதாங்க நிஜம் இருக்கும். மூணு நாளா நீங்க ஆல்பம் மாதிரியே நடந்துக்கிறீங்க. பாத்திரம் கழுவுறீங்க. எங்கம்மாவுக்குப் போன் போட்டு மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேக்குறீங்க. போதும். இப்ப டெமோவைப் போடுங்க. ஒரு வரி விடாம."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். டிரம்மர் மூன்று நாள் சுமந்த கனத்தை அப்படியே கொட்டிவிட்டார். குழு வீட்டுக்கு வந்தது, இரண்டு நாள் தங்கியது, நீலக் கோப்பை உடைந்தது, சோபாவில் பொத்தல் விழுந்தது, ராட்சசி என்றது. பயத்தில் வாய் நிற்கவில்லை. மாமியாரைப் பெரிய ராட்சசி என்று சொன்னதையும் சொன்னார். அது டெமோவில்கூட இல்லை. அவள் ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள்.

"நீ எதுவும் சொல்லாதே. முன்னறையை நீயே எடுத்துக்கோ. டிரம்ஸை நாளைக்கே வெளியே எடுத்துடுறேன். மன்னிச்சுட்டேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு."

"மன்னிச்சுட்டேன். மேஜையை ஜன்னல் ஓரமாப் போட்டுடுங்க."

பயம் போனதும்தான் அவருக்குப் புத்தி வந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ஒயரை நான் அறுத்துட்டேன். உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"எங்க கேட்டுச்சு? பெட்டியைப் பிரிக்கலாம்னு வெள்ளிக்கிழமை, நீங்க கடையிலேருந்து வர்றதுக்கு முன்னாடியே, ஹெட்போனை மாட்டிப் பாத்தேன். சத்தமே இல்ல. ஒயரை உருவிப் பாத்தா, லென்ஸ் வெட்டின மாதிரி அவ்வளவு சுத்தமா அறுத்திருக்கு. எலி இப்படி அறுக்காது. அதான் சும்மா தலையை ஆட்டிக்கிட்டு உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன்."

கைப்பையைத் திறந்து பெட்டியை எடுத்து அவர் மடியில் போட்டாள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழியவில்லை.

"அப்போ... நீ இதைக் கேக்கவே இல்லையா?"

"எதுக்குங்க? அதான் இப்ப நேர்லயே கேட்டாச்சே."