ஈப்போவுக்குப் பறக்காத விவரம்

பிரிக்பீல்ட்ஸ்
15 டிசம்பர் 1938

சிரஞ்சீவி தம்பி சின்னையாவுக்கு அண்ணன் பக்கிரிசாமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உன் சுகத்தையும் குழந்தை சீதாலெட்சுமியின் சுகத்தையும் எழுது.

திங்கட்கிழமை நீ ஈப்போ விமானத் திடலில் மாலையும் கையுமாக வெயிலில் நின்று திரும்பியதற்கு நான் பொறுப்பல்ல. நம் பெண் சீதாலெட்சுமிக்கு நீ பார்த்து வைத்திருக்கும் ராதாகிருஷ்ணன்தான் பொறுப்பு. அவன் மானேஜராக இருக்கும் ஆகாயக் கம்பெனி தள்ளாடுகிறது என்று ஊரே பேசுகிறதே, ஆள் எப்படி நடத்துகிறான், பெண்ணைக் கொடுக்கலாமா என்று நேரில் பார்த்துச் சொல்லச் சொன்னாய். பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவன் சொல்கிறேன், அவனுக்கு நிர்வாகம் தெரியாது.

அன்று பிளேன் ஏற இங்குள்ள திடலுக்குப் போனதும் என்னைத் தராசில் ஏறச் சொன்னான். "நானென்ன ரப்பர் ஷீட்டா?" என்றேன். "கோவிச்சுக்காதீங்க மாமா, எல்லாரையும் நிறுத்துத்தான் ஏத்துறோம்" என்றான். இன்னும் பெண்ணே கொடுக்கவில்லை, அதற்குள் மாமாவாம். மூன்று ராத்தல் கூடுதலாம். உன் அண்ணி பவுனம்மாள் கட்டிக் கொடுத்த முறுக்கு மூட்டையை இறக்கினான். கோட்டைக் கழற்றினேன், சப்பாத்தைக் கழற்றினேன். பெண் வீட்டுப் பெரியவன் என்று தெரிந்தும் கால் ராத்தல் விட்டுக்கொடுக்கவில்லை பார். அடுத்து ஒரு தோட்டத்துத் துரை இரண்டு பெட்டியோடு வந்து கத்தினான். அவனிடமும் அதே சிரிப்பு, அதே தராசு. இருப்பது ஒரே பிளேன், வருவது நாலு பேர், அந்த நாலு பேரையும் பகைத்துக்கொண்டால் கம்பெனி எப்படி உருப்படும்?

இத்தனையும் ஆன பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, "மேகம் இறங்குது, இன்னைக்குப் போகாது" என்கிறான்.

"பைலட் போகலாம்ங்கிறானே?"

"அவன் தைரியசாலி மாமா. அதனாலதான் மானேஜர்னு ஒருத்தன் வேண்டியிருக்கு."

பேச்சு வேறு. உடனே எல்லோரையும் தன் காரிலேயே ஏற்றி ரயிலடியில் கொண்டுபோய் விட்டான்! எதிர்க்கடைக்கு ஆள் அனுப்புகிறவனை என்னவென்று சொல்வது?

நான் ரயில் ஏறவில்லை. ஆகாயத்தில் போகிறேன் என்று ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியாயிற்று. இனி ரயிலில் போனால் பழைய கூட்டாளிகள் விசிலடித்துச் சிரிப்பான்கள். அன்றிலிருந்து வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறேன். தெருவைப் பொறுத்தவரை நான் ஈப்போவில் இருக்கிறேன். உன் அண்ணியும் குழாயடியில், "அவங்க அங்க சௌக்கியமா இருக்காங்க" என்று கூசாமல் சொல்கிறாள். மானேஜர் தினமும் பின்வாசலுக்கு வந்து, "இன்னைக்கும் மேகம், மாமா" என்று குசுகுசுத்துவிட்டுப் போகிறான். நேற்று அந்த நேரம் பார்த்து நான் தும்மித் தொலைத்தேன். பக்கத்து வீட்டு நல்லம்மாள், "யாரது உள்ளே?" என்று எட்டிப் பார்க்க, தும்மியது தான்தான் என்று அவன் இன்னும் இரண்டு தும்மல் போட்டுக் காட்டினான். நடிப்பும் வருகிறது.

ஆகவே என் தீர்ப்பு: அவன் பிடிவாதக்காரன். துரை சொன்னாலும் கேட்கமாட்டான், நான் சொன்னாலும் கேட்கமாட்டான். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது என்பது உனக்கே தெரியும்.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசி. குழந்தையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

இப்படிக்கு,
பக்கிரிசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியது மானேஜரைப் பற்றி. மாப்பிள்ளையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். நேற்று மாலை அவன் தாய் தகப்பனைப் பின்வாசல் வழியாக வரவழைத்து, அடுப்படியிலேயே தட்டு மாற்றிவிட்டேன். கல்யாணம் தை பன்னிரண்டு. என்னைக் கேட்காமல் தேதியை மாற்றாதே.