இடுப்பெலும்புக்கு வந்த போட்டி

மனிதர்களில் ஒரு வகை உண்டு. திரைப்பட விருது என்று காதில் விழுந்தால் போதும், "எல்லாம் முன்னாலேயே முடிவு பண்ணினது" என்பார்கள். முன்பின் தெரியாதவருக்குக் கிடைத்தால் மோசடி, தெரிந்தவருக்குக் கிடைத்தால் சிபாரிசு, தங்களுக்கே கிடைத்தால்? ஐயோ, அதைப் பற்றி நினைத்ததே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். நம்பிவிடாதீர்கள்.

பிஷ்கெக் நகரத்தில் சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்யும் எசென்கூல் இந்த வகையில் முற்றியவர். இருபத்து நான்கு வருடங்களாக ஆற்றின் சத்தம், குதிரைக் குளம்பின் சத்தம், கதாநாயகி மூக்கை உறிஞ்சும் சத்தம் என்று எல்லாவற்றையும் பதிந்து, ஒவ்வொரு வருடமும் வெறுங்கையோடு வீடு திரும்பி, "நடுவருங்களுக்குக் காதே கிடையாது" என்று தேநீர்க் கிண்ணத்தை நங்கென்று வைப்பவர். இந்த வருடம் இறுதிப் பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டது.

"குடுத்தாலும் வாங்க மாட்டேன்" என்றார்.

மனைவி சூராகான் அதை நம்பவில்லை. அவருடைய வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் துடைக்கும்போது, உள்மடிப்பில் இருந்த நன்றியுரையை அவள் படித்திருந்தாள். அதில் அவள் பெயர் ஒன்பதாவது. எட்டாவது, ஒரு பழைய மைக்.

விருதுக்கு ஒரு வாரம் முன்பு எசென்கூல் ஆடு அறுத்து விருந்து வைத்தார். சும்மாதான். நடுவர் போருபாயையும் அழைத்திருந்தார். அதுவும் சும்மாதான்.

அந்த ஊர் வழக்கத்தில் வெந்த எலும்புகளை வயதுப்படிதான் பங்கிட வேண்டும். இடுப்பெலும்பு சபையில் மூத்தவருக்கு. அதில் சிபாரிசு செல்லாது, அறுபட்ட ஆட்டுக்கே அது தெரியும். அன்றைக்கு மூத்தவர் அசான்கோஜோ. தியேட்டரில் படம் ஓட்டி ஓய்வுபெற்றவர், வயது எண்பத்தொன்று. எசென்கூல் தட்டைத் தூக்கினார். தட்டு கிழவரைத் தாண்டி, மேசையைச் சுற்றி, அறுபதே வயதான போருபாயின் முன்னால் போய் இறங்கியது.

கிழவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"தம்பி, என் எலும்பு எங்கப்பா போகுது?"

"ஐயா, இந்த வருஷம் வயசப் பாக்கல. தரத்தப் பாத்துக் குடுக்கிறோம்."

"எலும்புக்கா? யாரு நடுவர்?"

"நான்தான்."

"என் பேரு பட்டியல்லயாவது இருந்துச்சா?"

பெண்கள் பக்கம் யாருக்கோ தேநீர் புரையேறியது.

போருபாய் நிதானமாகத் தின்றார். மீதியை, விருந்தில் எல்லோரும் செய்வதுபோல, பையில் போட்டு முடிச்சுப் போட்டார். கையைத் துடைத்தார்.

"பிரமாதம், எசென்கூல்! சொல்ல மறந்துட்டேனே. வெள்ளிக்கிழமையே நடுவர் பொறுப்ப விட்டுட்டேன். வருஷா வருஷம் நீதானே சொல்லுவ, எல்லாம் மோசடின்னு? யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

எசென்கூலின் கண் அந்தப் பையை விட்டு நகரவில்லை. "பாத்தீங்களா! எல்லாம் முன்னாலேயே முடிவு பண்ணினது!"

"இருக்கட்டும் தம்பி," என்றார் அசான்கோஜோ. "பை இன்னும் வாசல் தாண்டல. தீர்ப்ப மாத்தலாம்."

சூராகான் எழுந்தாள். போருபாய் காலணி மாட்டக் குனிந்த நேரத்தில், பையை எடுத்துக் கிழவர் மடியில் வைத்தாள். பாதி தின்ற பரிசுதான். ஆனாலும் அந்த வருடம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்த பரிசு அது ஒன்றுதான்.

சிரிக்கிறீர்களா? நல்லது. விருதெல்லாம் ஏமாற்று என்று நீங்களும் போன வாரம் யாரிடமோ சொன்னீர்கள். போகட்டும். குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தீர்களே, ஒரு நன்றியுரை, அதில் உங்கள் வீட்டில் இருப்பவரின் பெயர் எத்தனையாவது?