ஈர்க்கு அளவில் ஒரு மடிக்கணினி

படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. கேத்திரகணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. பலனை அனுபவித்தவள் என் மனைவி திரேசா.

அது யுத்தம் ஓய்ந்திருந்த சமாதான காலம். மகள் ஜெனிற்றாவின் கலியாணம் கனடாவில் நடந்தது. எங்களுக்கு விசா கிடைக்கவில்லை. கலியாண வீடியோ மட்டும் சீடியாக நெடுந்தீவுக்கு வந்து சேர்ந்தது. மருமகன் தன் பழைய மடிக்கணினியை முன்பே அனுப்பியிருந்தார். மெல்லிய, அழகான சாமான். ஒரே குறை, சீடி போட அதில் வாய் இல்லை. அந்த வாய், அடியில் பூட்டும் டொக்கிங் ஸ்ரேசன் என்ற தட்டில்தான் இருக்குமாம்.

தொலைபேசியில் மகள் சொன்னாள்: "அப்பா, எல்லாத் தட்டும் எல்லாத்துக்கும் பொருந்தாது. லப்ரொப்பின்ர அடியில மொடல் நம்பர் இருக்கு. அதை எழுதிக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில கேளுங்கோ."

"எனக்கே படிப்பிக்கிறியோ பிள்ளை?" என்றேன்.

கடல் தண்ணீர் தெறிக்கும் என்று மடிக்கணினியைப் படகில் கொண்டுபோக மனம் வரவில்லை. எங்கள் தீவில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்குவதென்றால், பட்டணம் போகிறவர் கையில் கால் நீளத்துக்கு ஈர்க்கு முறித்துக் கொடுத்துவிடுவோம். அதே முறைதான். நீளத்துக்கு ஒரு பனை ஈர்க்கு, அகலத்துக்கு ஒன்று. மூலைகள் செங்கோணமா என்றும் பார்த்தேன். (அடியில் நம்பரையும் கண்டேன். அது தொழிற்சாலைக்காரரின் சொந்த விஷயம் என்று விட்டுவிட்டேன்.)

குறிகட்டுவான் இறங்குதுறையில் கடற்படைச் சிப்பாய் ஒருவன் என் சட்டைப் பையிலிருந்து ஈர்க்குகளை எடுத்தான்.

"ஐயா, இது என்ன?"

"லப்ரொப்."

என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போகவிட்டான்.

யாழ்ப்பாணத்தில் கணினிக் கடைக்காரர் "என்ன மொடல், மாஸ்டர்?" என்றார். ஈர்க்குகளை மேசையில் வைத்தேன்.

"இதை வைச்சு எனக்குச் சொல்ல ஏலாது."

"உமக்கு ஏலாது, தம்பி. எனக்கு ஏலும்."

அவரிடமிருந்த பழைய தட்டுகளை ஒவ்வொன்றாய் அளந்தேன். ஒன்று ஈர்க்கு அளவுக்கு அச்சொட்டாக இருந்தது. வாங்கிவிட்டேன்.

வீட்டில் திரேசா கேட்டாள்: "பொருந்துமோ? சும்மா சொல்லாதேங்கோ. கலியாண வீடியோ பாக்கச் சனத்தைக் கூப்பிடப்போறன்."

"பயப்பிடாமல் கூப்பிடும்."

நாலு பேருக்கு முன்னால் பூட்டவேண்டும் என்ற ஆசையில், பூட்டியும் பார்க்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுதும் வீட்டில் இருந்தது. திரேசா பயத்தம் பணியாரம் சுட்டு, மகளின் கலியாணத்துக்கென்று வாங்கி வைத்த சேலையை அன்றுதான் முதன்முதலாகக் கட்டியிருந்தாள். முன்வரிசைக் கதிரை அவளுக்கு.

மடிக்கணினியைத் தட்டில் வைத்தேன். நாலு விளிம்பும் மயிரிழை பிசகவில்லை. "பாத்தியளோ!" என்றேன். ஆனால் தட்டின் பூட்டுமுனை இடப்பக்கம், மடிக்கணினியின் துவாரம் வலப்பக்கம். அழுத்தினேன். 'டக்' என்றது.

"பூட்டுப்பட்டிட்டுது," என்றார் பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணை.

இல்லை. முனை முறிந்து அவருடைய பணியாரத்தின் மேல் விழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், செருப்பு அளவு சரிதான். ரெண்டையும் இடக்காலாய் எல்லோ வாங்கிப்போட்டியள்!"

வீடே சிரித்தது. திரேசாவும் சிரித்தாள். பிறகு தேத்தண்ணீர் போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனாள். நெடுநேரம் கேத்தில் சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் மடிக்கணினியைத் துவாயில் சுற்றிக்கொண்டு இருவரும் படகேறினோம். கடைக்காரர் நம்பரைப் பார்த்தார். அதற்குரிய தட்டு அவரிடம் இல்லை. பாவம் பார்த்து, தன் கடைக் கணினியில் சீடியைப் போட்டுவிட்டார். ஆட்கள் வந்து போகிற இடத்தில், அதே சேலையோடு, நின்றபடி திரேசா மகளின் கலியாணத்தைப் பார்த்தாள். மோதிரம் மாற்றுகிற நேரம் யாரோ, "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, போட்டோக்கொப்பி எடுக்கவேணும்" என்றார்கள். அவள் தள்ளி நின்றாள்.

ஊர் சிரித்ததை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அவள் தள்ளி நின்றதை மறக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் இன்றும் யார் எதை வாங்கினாலும் கனடாவிலிருந்து ஒரு கேள்வி வரும்: "அப்பா ஈர்க்கு வைச்சுப் பாத்தவரோ?" மருமகன் வீடு வாங்கியபோதும் வந்தது.

தட்டு வீணாகவில்லை. சில மாதம் கழித்துத் திரேசா மகளின் கலியாணப் படத்துக்குச் சட்டம் போட்டு வாங்கி வந்தாள். அலுமாரியின் மேல் அந்தத் தட்டைச் சாய்த்து, அதில் படத்தை நிறுத்தினாள். நாலு விளிம்பும் அச்சொட்டு.

"உமக்கு அளவு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

திரும்பிப் பாராமலே சொன்னாள்: "ஈர்க்குக் கொண்டு போனனான்."