டக்டக்கையா இறங்கி நடக்கும் வளைவு

மலைநாட்டில் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போன தூரத்தைவிட, அதைத் தள்ளிக்கொண்டு நடந்த தூரம் அதிகமாக உள்ள மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் டக்டக்கையா. வேறு யார் பெயரையாவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ஐம்பதுகளில் நடந்த கதை இது. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் அவர் மருந்துக்காரர். நான் ஆபீஸில் சின்னக் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்தான். வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துச் சனங்களுக்கு அது தேவைப்படவில்லை. அவருடைய வண்டி 'டக் டக் டக்' என்று இருமிக்கொண்டே வரும். மனிதர் அதைவிடக் குறைவாகத்தான் இருமுவார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

சைக்கிளுக்கு இஞ்சின் முளைத்த மாதிரி ஒரு வண்டி அது. ஒருவர் ஏறினால் ஓடும், இரண்டு பேர் ஏறினால் யோசிக்கும், ஏற்றம் வந்தால் படுத்துவிடும். எங்கள் தோட்டமோ ஒரு பள்ளத்துக்குள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரே ரோடு. மலையேறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஏற்றத்தின் நடுவில் பாறை வளைவு என்று ஒரு இடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எட்டிப் பார்த்தாலும் அடி தெரியாத பள்ளம். அங்கே வந்ததும் வண்டி உயிரை விடும். டக்டக்கையா பின்னால் இருக்கும் நோயாளியைத் திரும்பிப் பார்த்து, இறங்கித் தள்ளச் சொல்வார்.

ஆமாம் ஐயா, காய்ச்சல்காரன்தான் தள்ள வேண்டும். அவன் மூச்சு வாங்கி வேர்க்க விறுவிறுக்கத் தள்ளி மேலே கொண்டு போனதும், இவர் அவனுடைய கையைப் பிடித்து நாடி பார்ப்பார்.

"தள்ள ஏலுதோ?"

"முடியுதுங்கய்யா."

"அப்ப உனக்கு வருத்தம் ஒண்டுமில்லை. வா, திரும்புவம்."

வண்டியைத் திருப்பி இறக்கத்தில் உருட்டிக்கொண்டு லயத்துக்கே கொண்டு வந்து விட்டுவிடுவார். இதுதான் அவர் கண்டுபிடித்த வைத்தியம். வண்டி தள்ளத் தெம்பிருந்தால் ஆஸ்பத்திரி தேவையில்லை. தோட்டத்தில் பாதிப் பேருக்கு வளைவிலேயே சுகமானது. ஒருமுறை பல்வலி என்று பெரிய கண்டாக்கையாவே ஏறினார். மலையில் கூலியாட்களிடம் வேலை வாங்குகிற உத்தியோகம், ஆளும் ஒரு கொழுந்து மூட்டை கனம். கூலியாட்கள் பார்க்கும்படி அவர் வண்டி தள்ளுவாரா? குடையை விரித்துக்கொண்டு, தேயிலையைப் பார்வையிடுவதுபோல் முன்னால் நடந்தார். பின்னால் டக்டக்கையா ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு போனார். பல்வலி நிற்கவில்லை, ஆனால் அன்று ஒரு மலை மேற்பார்வை முடிந்தது.

அந்த வண்டிக்கு எண்ணெய் வேறு வேண்டும். டவுனுக்குப் போய் வாங்க நேரமில்லாத நாளில் மருந்துச்சாலை விளக்கெண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஊற்றிவிடுவார். வண்டி போன பின்னும் ரோட்டில் அரைமணி நேரம் பேதி மருந்து வாசம் நிற்கும். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி விளக்கெண்ணெய் கொடுப்பது வழக்கம். போத்தல் காலியாக இருந்தால் பிள்ளைகள் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடுவார்கள். தை மாதத்துப் பனியில் தன் கம்பளியை வண்டிக்குப் போர்த்திவிட்டு, மனிதர் கோட்டோடு நடுங்கிக்கொண்டு படுப்பார். கேட்டால், தனக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து இருக்கிறது, அதற்கு வந்தால் தான் எங்கே போவது என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்து மனேஜர் தொரையின் கார் எதிரே வந்தால் தோட்டத்து ஆள் எவரானாலும் வண்டியிலிருந்து இறங்கி, ஓரமாக நின்று, தொப்பியைக் கழற்ற வேண்டும். டக்டக்கையா வண்டியையே தூக்கி ரோட்டோரத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறக்கி வைத்துவிட்டு நிற்பார். கார் போனதும் அதைத் தூக்கி வெளியே வைத்துத் துடைத்து, மறுபடியும் உதைக்கத் தொடங்குவார். அதற்குள் நோயாளி நடந்தே பாதி வழி போயிருப்பான்.

சிரித்துக்கொண்டே இருந்தோம். ராமாயி செத்த அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது.

ராமாயி, மேல்கணக்கு என்கிற மேல் பிரிவு லயத்தில் கருப்பையாவின் மனைவி. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆபீஸில் தோட்டத்து லொறியைக் கேட்டால், அது கொழுந்து ஏற்றத்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. தூக்கிப்போக நாலு ஆளைக் கேட்டால், கொழுந்து முற்றிக் கிடக்கிற நேரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்தவனை விட முடியாது என்று பதில் வந்தது. டக்டக்கையா ஆபீஸ் வாசலில் மழையில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைத் தன் வண்டியின் பின்னால் உட்கார வைத்து, ஒரு சேலையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கருப்பையா பின்னால் ஓடினான்.

அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. பொழுது சாய, ராமாயியைக் கருப்பையா தோளில் சுமந்து வந்தான். அவனுக்குப் பின்னால் டக்டக்கையா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இறக்கம்தான், ஏறி உட்கார்ந்தால் தானாக உருண்டிருக்கும். அவர் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாரையும் வண்டி தள்ளச் சொல்லவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு லீவில் ஊருக்குப் போனவர் தன் பங்குப் பனங்காணியை விற்றுவிட்டு வந்தார் என்று கேள்வி. வந்தது ரயிலில் அல்ல. பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன ஒரு ராட்சத மோட்டார் சைக்கிளில், அதுவும் பக்கத்தில் ஆள் படுக்கக்கூடிய ஒரு தொட்டியோடு. அது 'டுப்... டுப்...' என்று வளைவில் இறங்கி வந்தபோது லயமே வெளியே வந்து நின்றது. எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தி, சாமந்தி மாலை போட்டார்கள். பிள்ளைகள் அவரை டுப்டுப்பையா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒட்டவில்லை.

ஆபீஸுக்குத்தான் அது பொறுக்கவில்லை. சின்னத்தொரையின் மோட்டார் சைக்கிளே இதில் பாதிதான் இருக்கும். மருந்துக்காரன் அதைவிடப் பெரியதில் போவதா? விற்றுவிடச் சொல்லிப் பெரிய கிளாக்கர் மூலம் தகவல் வந்தது. நோயாளிக்கு லொறி தருவதாகச் சொன்னால் இன்றைக்கே விற்கிறேன் என்று டக்டக்கையா பதில் சொல்லியனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை.

இனித்தான் வேடிக்கை. அந்த வண்டிக்குப் பாறை வளைவெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. யானை பலம். ஆனால் வளைவு வந்ததும் டக்டக்கையா இறங்கிவிடுவார்! இஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடப்பார். பின்னால் நான் இருந்தால் என்னையும் இறக்கிவிடுவார். தொட்டியில் நோயாளி இருந்தால் அவர் மட்டும் சொகுசாகப் படுத்திருப்பார், நாங்கள் இரண்டு பேரும் ஊர்வலத்தில் போவதுபோல் கூட நடப்போம். பெரிய வண்டி வாங்கியும் மனுசனுக்கு நடக்கிற விதி போகலையே என்று கொழுந்துக்காரிகள் மலையிலிருந்து பார்த்துச் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்டேன். "அதுக்கும் மூச்சு முட்டும் தம்பி" என்றார். கிறுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கருப்பையாவுக்கு, இரண்டு பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று, ராமாயியின் தங்கை செல்லம்மாவையே கட்டி வைத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து டக்டக்கையா அந்த லயத்துப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். போகும்போதும் பார்ப்பார், வரும்போதும் பார்ப்பார். கடைசியில் அவர் பயந்ததே நடந்தது. ஒரு மத்தியானம் வலி எடுத்தது. அதே மருத்துவச்சி வந்தாள், அக்காவுக்குச் சொன்னதையே தங்கைக்கும் சொன்னாள்.

செல்லம்மாவைத் தொட்டியில் படுக்க வைத்தோம். அவள் தலையைப் பிடித்துக்கொள்ள என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். கருப்பையா குறுக்குப் பாதையில் ஓடினான். பாறை வளைவு வந்ததும் பழக்கதோஷத்தில் நான் காலைத் தூக்கினேன்.

"இரும்" என்றார். முதல் தடவையாக அந்த வளைவில் அவர் இறங்கவில்லை.

பாதி வளைவில் எதிரே தொரையின் கார். இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லை. எனக்குக் கை தானாகத் தொப்பிக்குப் போனது. டக்டக்கையா இறங்கவுமில்லை, தொப்பியைத் தொடவுமில்லை. இஞ்சினை நிறுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தொரை கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். தோட்டத்தில் எல்லோரிடமும் பேசுகிற அந்தத் தமிழில், "பின்னுக்குப் போ" என்றார்.

டக்டக்கையாவுக்கு நல்ல இங்கிலீஷ் வரும். தமிழிலேயே சொன்னார்.

"பின்னுக்குப் போற கியர் இதுக்கு இல்லை ஐயா. உங்கட காருக்கு இருக்கு."

மேலே மலையில் கொழுந்து ஆய்கிற கை எல்லாம் நின்றுவிட்டது. செல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது மட்டும் கேட்டது. தொரை தொட்டிக்குள் பார்த்தார், டக்டக்கையாவைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை ஏற்றினார். அந்தத் தோட்டம் உண்டான நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு தொரையின் கார் பின்னால் போனது. வளைவு முடிகிற வரைக்கும் போனது.

பிள்ளை தங்கவில்லை. செல்லம்மா பிழைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கருப்பையா டக்டக்கையாவின் காலைப் பிடிக்கப் போனான். அவர் அவனைத் தூக்கி நிறுத்தி, பிள்ளை போனதுக்கு என்னைத் திட்டு என்றார். அவன் அழுதான். அவரும் அழுதார்.

அடுத்த வாரமே அவருக்குச் சீட்டுக் கிழிந்தது. காரை நிறுத்தியதற்கு என்று சொல்ல முடியுமா? தோட்டத்து விளக்கெண்ணெயை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினார் என்பது குற்றம். விளக்கெண்ணெய் குடித்த வண்டியை அவர் எப்போதோ விற்றுவிட்டார். பெரிய கிளாக்கர் அதை வாசித்துக் காட்டியபோது டக்டக்கையா, ராமாயி செத்த பிறகு முதல் தடவையாக, விழுந்து விழுந்து சிரித்தார்.

செல்லம்மா படுத்துப் போன தொட்டியில் அவருடைய ட்ரங்குப் பெட்டியை ஏற்றினோம். தலவாக்கலை வரைக்கும் கூடப் போகிறேன் என்று நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பாறை வளைவு வந்தது. வண்டி நின்றது. இறங்கினார். எனக்குக் கோபம்தான் வந்தது. வேலை போய்விட்டது, தோட்டம் போய்விட்டது, இன்னும் என்ன இந்தக் கிறுக்கு? வண்டி தாங்கும், ஏறுங்க ஐயா என்றேன்.

அவர் ஹேண்டிலைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு அந்தச் சின்ன வண்டி இதிலதான் நிண்டது. ராமாயியை இறங்கச் சொன்னன். இறங்கி இந்த வளைவு முழுக்க நடந்தவள், தம்பி. நடக்க ஏலுதுதானே, அப்ப ஒண்டுமில்லை எண்டு நினைச்சன். மேல போய்க் குந்தி இருந்தவள், பிறகு எழும்பேல்ல."

நான் இறங்கினேன். இரண்டு பேரும் வண்டியின் இரண்டு பக்கமும் நடந்தோம்.

தலவாக்கலையில் கையைக் காட்டிவிட்டுப் போனவர்தான். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இப்போது அந்த ரோட்டில் பஸ் ஓடுகிறது. உறவுக்காரர் வீட்டுக்கு எப்போதாவது போவேன். பாறை வளைவு வந்தால் நான் சீட்டை விட்டு எழுந்து நின்றுவிடுவேன். "இடம் இருக்கே, உக்காருங்க பெரியவரே" என்பான் பஸ் கண்டக்டர் பையன்.

"வளைவு தாண்டட்டும்ப்பா" என்பேன்.